பதினைந்து டாலருக்கு ஒரு 'ஊ'

டேட்டன் நகரத்துக் கல்லாப்பெட்டித் தொழிற்சாலையில்
இழுப்பறை சரியாகத் திறக்கிறதா என்று
நாளைக்கு எண்ணூறு முறை திறந்து பார்ப்பது
வெர்லன் டிப்ஸுக்கு வேலை.
க்ளிங். சரி. அடுத்தது.
க்ளிங். சரி.
வேறு யாரென்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.
அவனுக்குப் பாட்டுப் பிடித்துக்கொண்டது.

ஆளைக் குறைத்த வாரம்
கழித்துப்போட்ட பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து
செருப்புக்கடைக்கு மேலே, சுவரில் முட்டை அட்டை ஒட்டிய
எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு ஏறி வந்தான்.
பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் எனக்கு,
சாயங்காலம் அங்கே பின்பாட்டு.
"ஒசெல்லா, இரண்டாம் சரணம் முடிந்ததும்
இது திறக்கும். திறந்ததும் நீ
ஊ என்று சொல்.
காதலோடு இல்லை,
பணத்தைப் பார்த்தவள் மாதிரி."

சொன்னேன்.
பதினோராம் முறைதான் அவனுக்குத் திருப்தி.
அதற்குள் எனக்குப் பல்வலி வந்திருந்தது.
பதினைந்து டாலர். ரசீது கிடையாது.

அந்தக் கோடையில் அந்தப் பாட்டு இல்லாத இடமில்லை.
முடிதிருத்தகத்தில், பேருந்தின் பின்னிருக்கையில்,
என் தங்கையின் கல்யாணத்தில்;
அடுத்த கோடையில், அவள் விவாகரத்து வாங்கிய அன்று
நீதிமன்ற வாசலில் நின்ற யாரோ ஒருவரின் காரில்.
இசைத்தட்டின் நடுவே, துளையைச் சுற்றி
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அவன் பெயர்:
வெ. டிப்.
கடைசி 'ஸ்' எங்கேடா என்று
சிகாகோவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினான்.
"மை மிச்சம்" என்றாராம் கம்பெனிக்காரர்.
வேறு என்னென்ன மிச்சம் பிடித்தார் என்பது
ஆறு வருடம் கழித்து,
பாட்டில் பாதி அவர் மைத்துனர் பேரில் இருப்பதைக்
காகிதத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் யாரையும் நம்பவில்லை.
என்னை ஏன் அந்தக் கணக்கில் சேர்த்தான் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
லாஸ் ஏஞ்சலஸ் போனான்.
தங்கப்பல் கட்டியவர்களுக்கு, கட்டப்போகிறவர்களுக்கு,
குரலே இல்லாத ஒரு குத்துச்சண்டைக்காரருக்கு
எழுதினான், இசையமைத்தான், தயாரித்தான்.
எந்தப் பாட்டிலும் எங்கோ ஒரு மூலையில்
அந்த இழுப்பறை திறக்கும்.
முத்திரை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.
இஸ்திரி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்த நான்
பழக்கதோஷம் என்றேன்.
பிறகு டிரம் எந்திரங்கள் வந்தன.
பிறகு சோடா விளம்பரம், நாய்த்தீனி விளம்பரம்.
பிறகு பேச்சே இல்லை.

போன வருடம் மான்செஸ்டரில் ஒரு பெண்
தன் படுக்கையறையில் உட்கார்ந்து
எங்கள் பாட்டிலிருந்து நான்கு விநாடியை மட்டும் எடுத்தாள்,
பழைய சட்டையில் பொத்தானை அறுப்பதுபோல.
க்ளிங், ஊ. க்ளிங், ஊ.
வெர்லனின் வரி ஒன்றுகூட அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பல் டாக்டரின் நாற்காலியில் அதை முதலில் கேட்டேன்.
"அது நான்தான்" என்று சொன்னேன்.
வாய் நிறையப் பஞ்சு.
"வலிக்கிறதா?" என்றார்.

மார்ச் மாதம் வெர்லன் வந்தான்.
எழுபத்தாறு வயது, முழங்கால் இரண்டும் புதிது.
எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தினான்;
அணைத்தால் திரும்பக் கிளம்பாதாம்.
உறைக்குள் ஒரு காசோலை, ஒரு காகிதம்.
"நான்கு விநாடியில் மூன்று உன்னுடையது,
கடிகாரம் வைத்துப் பார்த்தேன்."
மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன்.
காகிதத்தில் இல்லை, அவன் வாயிலும் இல்லை.
என் பெயர் இருந்தது,
முதல் தடவையாக அச்சில்,
ஒரு 'எல்' குறைந்து.

தூறல் விழுந்தது.
ஒரு வைப்பர்தான் வேலை செய்தது அந்தக் காரில்.
அதன் தாளத்துக்கு ஸ்டியரிங்கில் விரலால் தட்டினான்,
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவதில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

வாயைத் திறந்தேன்.